கண்ணைக் கட்டிக்கிட்டு ஒரு டெஸ்டிங்

இன்னைக்கு மத்தியானம் கேட்டதை இன்னும் நம்ப முடியல.

எனக்குப் பார்வை கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியும். எங்க ஸ்கூல்ல டீச்சருங்க லீவு போடுறதுலேருந்து ராஜினாமா வரைக்கும் எல்லாத்துக்கும் புதுசா ஒரு வெப்சைட் வருது. அது எனக்குச் சரிப்படுதான்னு பாக்க, அதைச் செஞ்ச கம்பெனியில கூப்பிட்டாங்க. திருமயத்துல பஸ் ஏறி புதுக்கோட்டை போனேன்.

"நாங்களே டெஸ்ட் பண்ணிட்டோம் மேடம், நீங்க ஓகே சொன்னாப் போதும்"னாரு அங்க இருந்த இன்ஜினியர்.

திரையில இருக்கறதை வாசிச்சுச் சொல்ற ஸ்கிரீன் ரீடரைப் போட்டேன். "பட்டன். பட்டன். பட்டன்." அவ்வளவுதான் சொல்லுச்சு. எது எதுக்குன்னு ஒண்ணுக்கும் பேர் இல்ல. லீவா இருக்கும்னு ஒண்ணை அமுக்கினேன்.

"ஐயோ மேடம்! வேலையை விடுறேன்னு அனுப்பிட்டீங்க!"

நல்லவேளை, டிரையல்தான்.

"எப்படிங்க டெஸ்ட் பண்ணினீங்க?"

"கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் மேடம். ரொம்ப சின்சியரா பண்ணினோம்."

"அப்பறம் எந்தப் பட்டன் எங்கிட்டு இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"எங்ககூட வேலை பாக்குற கார்த்தி பக்கத்துல உக்காந்து, மவுஸை இங்கிட்டு நகத்து, அங்கிட்டு நகத்துன்னு சொல்லிக்கிட்டே இருந்தான்."

இதைப் பெருமையா வேற சொல்றாருங்க!

திரும்பி வரும்போது ஹெச்.எம். போன் பண்ணி, "எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டாரு.

"வாங்குறதா இருந்தா கார்த்தியையும் சேத்து வாங்கிருங்க சார்"னுட்டேன்.

உங்க ஆபீஸ்ல கார்த்தி யாருங்க?