கோகிலவாணி அழித்த படங்கள்

குன்னூரிலிருந்து கூடலூர் வரைக்கும், கோகிலவாணி முறைத்துப் பார்த்தால் ஓடாத கம்ப்யூட்டர் கிடையாது. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஸ்விட்சையும் போட வேண்டும். ஆனாலும் சிலோனிலிருந்து திரும்பி வந்து கொழுந்து பறித்த குடும்பத்தில், குன்னூர்க் குளிரிலும் ஏசி ஓடும் சர்வர் அறைக்கு அதிகாரியாக உட்கார்ந்த முதல் பெண் அவள்தான்.

அந்தத் தேயிலைக் கம்பெனிக்கு அவள் ஒரு விக்கி அமைத்துக் கொடுத்திருந்தாள். ஃபேக்டரி ஆட்கள் தங்களுக்குத் தெரிந்த வேலையைத் தாங்களே அதில் எழுதி வைப்பார்கள். தேயிலை விலை பாதாளத்துக்குப் போன வருஷம் பார்த்து, அது நத்தையாகிவிட்டது.

மேனேஜர் ஹெர்பர்ட் தலையை நீட்டினார். "ஏம்மா கோகிலா, ஒரு பக்கம் தொறக்கறதுக்குள்ள தேயிலை வெல இன்னும் ரெண்டு ரூபா எறங்கிருதே! மாசக் கடைசிக்குள்ள சரியாகலீன்னா மூடிரலாம்னு மேல சொல்றாங்க."

விக்கியை மூடினால் அவள் வேலையும் போகும்.

சந்தேகம் நேரே மனுவேல் மேல் விழுந்தது. கூடலூர் ஃபேக்டரியில், இலை வாடுவதிலிருந்து தூளாவது வரை பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர். பதம் பார்க்க, வாட்டிய இலையைக் கைப்பிடிக்குள் இறுக்கி, விரல் பிரித்ததும் அது எப்படி மலர்கிறது என்று உள்ளங்கையோடு படமெடுத்து விக்கியில் ஏற்றுவார். மழைநாள் இலை, பனிநாள் இலை, எல்லாம் பெரிய பெரிய படங்கள்.

போனில் பாய்ந்தாள். "ஏண்ணே, இது விக்கியா, ஒங்க கல்யாண ஆல்பமா? ஒங்க கையப் பாக்கறதுக்கா கம்பெனி சர்வர் வாங்கி வெச்சிருக்கு?"

"எழுதினா புதுப் பசங்களுக்கு மனசிலாகாதுங்க மேடம். படம்னா..."

"இனிமே ஏத்தாதீங்க."

"சரிங்க மேடம்."

படங்களை அழித்தாள்; பேக்கப்பையும் துடைத்தாள். கேமரா கம்பெனியுடையது, ஏற்றிய படத்தை அதிலிருந்து நீக்கிவிடுவது மனுவேலின் வழக்கம். ஆக, வேறெங்கும் அவை இல்லை.

விக்கி அப்படியே நொண்டியது.

பிறகுதான், ஒன்றுமே எழுதாத ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அதுவும் அதே நேரம் எடுத்தது. வெற்றுப் பக்கத்தில் என்ன கனம்? எல்லாப் பக்கத்தின் தலையிலும் அவளே பெருமையாகப் பொருத்திய, தேயிலை ஏல விலையைக் காட்டும் பெட்டிதான். முன்பொருமுறை பழைய விலை தெரிகிறதென்று ஹெர்பர்ட் சத்தம் போட்டபோது, ஒருதடவை தயாரித்த பக்கத்தையே எல்லோருக்கும் காட்டும் வசதியை நிறுத்தி வைத்திருந்தாள். அதனால் யார் எதைத் திறந்தாலும், சர்வர் பல வருஷத்து ஏல விலைகளை முதலிலிருந்து கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தைக் கொடுத்தது. விலை சரிகிற காலத்தில் திறக்காத ஆளுண்டா?

ஏலம் முடிந்ததும் ஒரேயொரு தடவை கணக்குப் போட்டால் போதும் என்று மாற்றினாள். பக்கங்கள் பறந்தன. வேலை தப்பியது. ஹெர்பர்ட் டீயோடு தின்ன வர்க்கி வாங்கிக் கொடுத்தார்.

அதைக் கையில் வைத்துக்கொண்டே மனுவேலின் பக்கத்தைத் திறந்தாள். அதில் "கீழே உள்ள படத்தைப் பார்க்கவும்" என்ற வரிகள் மட்டும் நின்றன, கீழே படமில்லை. கொஞ்ச நாளில் கூடலூர் ஃபேக்டரியும் மூடப்பட்டது. மனுவேல் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று கோகிலவாணி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். பாவம், லைன் கிடைக்கவேயில்லை.

"அப்பிடி இல்லீங்க டீச்சரம்மா," என்று என்னை இடைமறித்தாள், நான் இந்தக் கதையைச் சொல்ல இவ்வளவு நேரமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த கோகிலவாணி. "லைனு நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் கூப்பிடவே இல்ல."