சும்மா இருக்க ஓர் ஆள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரியமாணிக்கம் வீட்டில் ஒரு லேப்டாப் மயங்கி விழுந்தது. மயங்க வைத்தவள் என் மகள் கயல்.

புள்ளியியலில் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம். பாகூர், நெட்டப்பாக்கம் பக்கத்து ஊர்களின் நெல் விளைச்சல்தான் அவள் ப்ராஜெக்ட். ஒரே கணக்கை ஒவ்வோர் ஊருக்கும் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். சாயங்காலத்துக்குள் ரிசல்ட் கைடுக்குப் போகாவிட்டால் இந்த வருஷம் பாஸ் கிடையாது. காலையிலிருந்தே அவள் முகம் சரியில்லை.

"ஊர் ஊரா ஓட்டினா நாளைக்கு ஆயிடும்பா. இதுல எட்டு கோர் இருக்கு, எட்டு மூளை மாதிரி. பிரிச்சுக் குடுத்தா எட்டும் ஒரே நேரத்துல ஓடும்" என்றாள்.

பந்தியில் எல்லா இலைக்கும் ஒரே ஆளா சாம்பார் ஊற்றுகிறோம்? எட்டு வாளி, எட்டு ஆள். அதேதான்.

பிரித்துக் கொடுத்தாள். ஃபேன் இரைந்தது... திரை அப்படியே நின்றது. மவுஸ் அம்பு அசையவில்லை. எதைத் தட்டினாலும் கேட்பாரில்லை. ஆஃப் செய்து ஆன் செய்ததில், அதுவரை ஓடியதும் போச்சு. கயல் அழுதேவிட்டாள்.

சீனியர் பெண்ணுக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் முதலில் சிரிப்புதான் வந்தது.

"எட்டையும் வேலைக்கு அனுப்பிட்டியா? ஒண்ண சும்மா வுடுடி. நாம கூப்ட்டா திரும்பிப் பாக்க ஒண்ணு வேணாமா?"

இந்தத் தடவை ஏழு கோர் வேலை பார்த்தது. ஒன்று சும்மா இருந்தது. மவுஸ் நகர்ந்தது. பொழுது சாய்வதற்குள் ரிசல்ட் கைடுக்குப் போய்ச் சேர்ந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மகளுக்காக மட்டுமா? ரிட்டயர் ஆன நாளிலிருந்து 'சும்மாவே உக்காந்திருக்கீங்க' என்று வாங்கிக் கட்டிக்கொள்பவன் நான். கடைசியில் கம்ப்யூட்டரே என் கட்சிக்கு வந்துவிட்டது — விடுவேனா?

மாடியில் காய்ந்த துணிமணிகளை எடுத்துக்கொண்டு இறங்கி, நேரே வாசலுக்குப் போய்த் திரும்பிய வீட்டம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"கேட்டியா? எல்லாம் ஒழுங்கா நடக்கணும்னா ஒருத்தர் சும்மா இருக்கணுமாம். இந்த வூட்ல அது நான்."

வாசலில் வத்தல் காயப்போட்டிருந்த துணி அவள் கையில் இருந்தது. வத்தல் இல்லை. துணியை ஓர் உதறு உதறினாள்.

"இன்னாத்துக்கு சும்மா இருக்கணுமாம்?"

"கூப்ட்டா திரும்பிப் பாக்க."

"வத்தல ஆடு திங்குதுன்னு மாடியிலேர்ந்து தொண்டை கிழியக் கூப்ட்டேன்" என்றாள். "ஆடு திரும்பிப் பாத்துச்சு."