பாயில் படுக்க முடியாத விரதம்

கடந்த ஆண்டு தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தேன். எனக்கு அரைகுறை விரதம் பிடிக்காது. ஒரு வேளை சாப்பாடு, கட்டில் கிடையாது, வெறும் பாய்தான். கீமோவையே தாங்கிய உடம்பு இதையா தாங்காது என்று தெம்பாகத்தான் திரிந்தேன்.

ஆனால் பாயில் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. எழுந்து சுவரில் சாய்ந்தால் சரியாகிவிடும். விரதக் களைப்பு என்று நானே முடிவு கட்டி, உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டேன். தூக்கத்தையும் முருகனுக்குக் கொடுத்துவிட்டதாகப் பெருமை வேறு.

என் கணவருக்குப் பொறுக்கவில்லை. "சும்மா ஒரு செக்கப்தானே, போய்ட்டு வந்துருவோம் லா," என்று நச்சரித்தார். அவர் வாயை அடைக்கத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

அங்கே ஓர் இளம் மலாய் டாக்டர் என்னைப் படுக்கச் சொன்னார். முடியவில்லை. சாய்ந்த நிலையிலேயே நெஞ்சில் ஸ்கேன் எடுத்தார். இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் கோத்து, இதயத்தை விரியவிடாமல் நெருக்குகிறதாம். புற்றுநோயோ அதன் சிகிச்சையோ அரிதாக இப்படிச் செய்யுமாம்.

பூசம் முடிந்து வரட்டுமா என்று கேட்டேன்.

"ஆன்டி, கென்னாட் வெயிட்," என்றார் டாக்டர். இன்றே அந்த நீரை எடுக்காவிட்டால் இதயம் நின்றுவிடலாம் என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

அழுதேன். உயிருக்காக அல்ல, வேண்டுதல் நின்றுபோகிறதே என்றுதான்.

"குடத்த நான் எடுக்குறேன். நீ இருந்தா போதும்," என்றார் கணவர். கோயிலுக்குப் போனால் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கும் மனிதர் அவர். தனியாகச் சமைத்துக்கொள்ளத் தெரியாமல் அவரும் என்னோடு விரதச் சோறுதான் தின்றுகொண்டிருந்தார், அதுவும் நல்லதாகப் போயிற்று.

அன்றே ஊசி வழியாகக் குழாய் செலுத்தி நீரை எடுத்தார்கள். அதில் புற்றணு எதுவும் இல்லை என்று பின்னர் தெரிந்தது. பூசத்தன்று அவர் மஞ்சள் வேட்டியோடு, தலையில் குடத்தோடு நடந்ததை என் தம்பி வீடியோ காலில் காட்டினான். நான் கட்டிலில் மல்லாந்து படுத்து, மூச்சு முட்டாமல் பார்த்தேன்.

இந்த ஆண்டு டாக்டரின் சம்மதத்தோடு என் குடத்தை நானே எடுக்கப்போகிறேன். உடம்பு வந்து முறையிட்டால் அதைக் காணிக்கை என்று சொல்லி உண்டியலில் போட்டுவிடக் கூடாது, உட்கார வைத்து என்னவென்று கேட்க வேண்டும் என்பதை மட்டும் இனி எந்த விரதத்திலும் மறக்க மாட்டேன்.