எல்லா நம்பரையும் எழுதும் சிஸ்டர்

"இருங்கக்கா, இன்னும் ரெண்டு வரி பாக்கி இருக்கு" என்கிறாள் சிஸ்டர், சமையல் மேடையில் தாளைப் பரப்பி எழுதியபடியே. பக்கத்தில் பால் பொங்குகிறது. நான்தான் ஓடிப்போய் அடுப்பை அணைக்கிறேன். ஆங்கிலத் தேர்வுக்கு அவளே வைத்துக்கொண்ட ஒத்திகை இது. பஸ்ஸில் எத்தனை பேர், ரயிலில் எத்தனை பேர் என்று வருஷவாரியாக ஓர் அட்டவணை கொடுப்பார்கள். அதைப் பார்த்து முக்கியமானதைச் சொல்லி ஒரு பக்கம் எழுத வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பதால் எங்கள் குடியிருப்பு முழுவதற்கும் அவள் சிஸ்டர். என் மாமியாருக்கும் சிஸ்டர்தான். கணவர் வெளிநாட்டில். இங்கே இவள் டியூட்டி மாறி மாறி வருவதால் குழந்தையும் அங்கேயே அப்பாவோடு, அத்தை வீட்டில் இருக்கிறது. தேர்வில் தேறினால்தான் அங்கே இவளுக்கு வேலை, வேலை கிடைத்தால்தான் போகமுடியும். பேசுவது, கேட்பது, படிப்பது எல்லாம் தேறிவிட்டாள். எழுத்தில் மட்டும் இரண்டு தடவை கோட்டை விட்டாள்.

காரணம், எதையும் விடமாட்டாள். அட்டவணையில் உள்ள எண்கள் அத்தனையும் தாளில் இறங்கிவிடும். முக்கியமானதை மட்டும் எழுதச் சொன்ன டீச்சரிடம், "எல்லாமே முக்கியம்தானே மிஸ்" என்றாளாம். "பேஷண்ட் சார்ட்ல ஒண்ணை விட்டா டாக்டர் உரிச்சுத் தொங்க விட்டுடுவாருக்கா. சுமாரா இவ்வளவு யூரின் போனார்னு எழுத முடியுமா?" என்று என்னிடமும் நியாயம் கேட்பாள்.

மணி கேட்டால் நிமிஷத்தோடு சொல்வாள். "பொண்ணு எப்படி இருக்கா?" என்றால், "நூத்திப் பதினாலு சென்டிமீட்டர்க்கா" என்பாள். மாதாமாதம் குழந்தையைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்து அப்பா போனில் சொல்ல வேண்டும். எனக்கு முதலில் சிரிப்பு வரும், அப்புறம்தான் உறைக்கும். பெற்ற பிள்ளை வளர்வதை எண்ணாகத்தானே பார்க்கிறாள், பாவம்.

ஒருநாள் டியூட்டி முடிந்து வந்தவள், மறுபடி போன் போட்டுக் கேட்ட அடுத்த ஷிப்ட் நர்ஸிடம் படியேறும்போதே சொன்னாள்: "நாலாம் பெட்டுக்குக் காலையிலேருந்து காய்ச்சல் இறங்கிக்கிட்டே வருது. ஏழாம் பெட்டுக்கு ஏறுது, அவரை மட்டும் பாத்துக்க. மத்தவங்க எல்லாம் அப்படியேதான் இருக்காங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபத்தில் சிஸ்டர் போய் 'டி' வந்துவிட்டது. "ஏண்டி, மொத்த வார்டையும் மூணே வரியில சொல்லத் தெரியுது. பரீட்சைல மட்டும் என்ன கேடு?"

"அது சார்ட் இல்லக்கா. ஷிப்ட் மாத்தும்போது இப்படித்தான் சொல்லுவோம்" என்றவள் படியிலேயே நின்றாள். "பரீட்சைல கேக்கறதும் இதுதானாக்கா?"

"அட்டவணை கிட்டவணையெல்லாம் எனக்குத் தெரியாது. யாருக்குக் காய்ச்சல்னு எனக்கே புரிஞ்சுதே."

அன்றிலிருந்து பஸ்ஸும் ரயிலும் அவளுக்கு நோயாளிகளாகிவிட்டன. "ரயில் ஏறிக்கிட்டே இருக்கு, பஸ் படுத்துடுச்சு, சைக்கிள் அப்படியே இருக்கு" என்று துணி காயப்போடும்போதுகூட முணுமுணுப்பாள். கேட்டுக் கேட்டு என் மாமியாரே பஸ்ஸுக்காக வருத்தப்பட ஆரம்பித்துவிட்டார்.

இன்று காலை ரிசல்ட் வந்தது. போனை என் கையில் திணித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். எழுத்திலும் தேறியிருந்தாள்.

"பாஸ்டி" என்றேன். அப்பாடா என்றிருந்தது எனக்கே.

அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ பீரோ மேலிருந்த பயணப் பெட்டியை இறக்கி, தூசியைக்கூடத் தட்டாமல் திறந்தாள். மத்தியான டியூட்டிக்குப் போட்டுக்கொண்டு போகவேண்டிய வெள்ளை ஷூவை எடுத்து முதலில் உள்ளே வைத்தாள்.