கர்ட் வீட்டு ஓரத்துக்கு ஒரு டிரெய்லர்

டிரெய்லர் விற்றுக் காலம் தள்ளுகிறவனுக்கு மனிதர்கள் மீது பெரிய மரியாதை எதுவும் மிஞ்சாது. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு அது. வாங்க வருகிறவர்கள் பூட்ஸோடு கட்டிலில் ஏறிப் படுத்துப் பார்ப்பார்கள். கக்கூஸ் கதவைச் சாத்திக்கொண்டு முட்டி இடிக்கிறதா என்று உட்கார்ந்து பார்ப்பார்கள். புருஷனும் பெண்டாட்டியும் அங்கேயே சண்டை போட்டுவிட்டு எதையும் வாங்காமல் போவார்கள். நெப்ராஸ்காவில், நெடுஞ்சாலை ஓரத்தில், மக்காச்சோளத் தூசியைத் தின்றுகொண்டு நான் பார்த்ததெல்லாம் இதுதான். அதனால் வெல்டா குரூகர் வந்து இறங்கியபோதும் நாற்காலியை விட்டு எழ எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது.

வெல்டா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையற்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். இங்கே வளர்ந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் கரண்டியில் வாங்கித் தின்றவர்கள். மகன் கைக்குழந்தையாக இருந்தபோதே புருஷன் வயோமிங் பக்கம் வேலைக்கென்று போனான், போனவன் போனவன்தான். தனியாளாக நின்று மகன் கர்ட்டைப் படிக்கவைத்தாள். அவன் டென்வரில் வேலை, கல்யாணம், புதுக் குடியிருப்பில் வீடு என்று போய்விட்டான். பள்ளிக்கூடத்து வேலையும் முடிந்த பிறகு, ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை பேச ஆள் இல்லாமல்தான் அவள் இருந்தாள். கடையில் சில்லறை கொடுக்கும் பெண்ணிடம் அவள் வலியப் பேச்சு வளர்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். பின்னால் வரிசையில் நின்று பல்லைக் கடித்தும் இருக்கிறேன்.

"வாங்கம்மா. எத்தனை பேர் படுப்பீங்க?" எங்கள் தொழிலில் முதல் கேள்வி அதுதான்.

"படுக்கிறது நான் ஒருத்திதான். அதை விடுப்பா. நீளத்தைச் சொல்லு."

கைப்பையிலிருந்து ஒரு நூல் உருண்டையை எடுத்தாள். வான்கோழியின் காலைக் கட்டிச் சுடுவார்களே, அந்த நூல். தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு மகன் வீட்டுக்குப் போனவள், எல்லோரும் டிவியில் ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வெளியே போய், கார் ஷெட்டுக்கும் வேலிக்கும் இடையில் கிடந்த ஓரத்தை அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள்.

"அதான் பலகையில நீளம் எழுதியிருக்கே," என்றேன்.

"முன்னாடி நீட்டிக்கிட்டிருக்கிற இழுவைக் கம்பியையும் சேத்தா எழுதியிருக்கீங்க?"

சேர்ப்பதில்லை. எந்தக் கடையிலும் அப்படித்தான். நூலின் மறுமுனையைப் பிடித்தேன். வரிசையாக அளந்துகொண்டே போனோம். கடைசியில் முடிச்சுக்குள் அடங்கியது ஒன்றே ஒன்றுதான், கடையிலேயே சின்னது. இரண்டு வருஷமாக அதை யாரும் சீந்தவில்லை.

உள்ளே போய்ப் பார்த்தாள். "இதென்ன அடுப்பா, சிகரெட் பத்தவைக்கிறதா?" என்றாள். குளிக்கிற இடத்தை எட்டிப் பார்த்து, "நான் குளிச்சா கக்கூஸும் கூடவே குளிக்குமா?"

"ஆமாங்க. தனியா கழுவ வேண்டாம் பாருங்க."

சிரித்தாள். மடக்கு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, அதைக் கையால் துடைத்தாள். "பரவாயில்ல, இது போதும். பேரப் பசங்க ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி இங்க ஓடிவந்து ஆளுக்கு ரெண்டு பான்கேக் தின்னுட்டுப் போவாங்க. மருமக ஷெல்பிக்கும் தொந்தரவில்ல. என் கதவு தனி, அவ கதவு தனி."

அங்கேயே ரசீதைப் போட்டிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "மகன்கிட்ட சொல்லியாச்சா?"

"அவன்தானேப்பா கூப்பிட்டான். கிளம்புறப்ப கார் வரைக்கும் வந்து, 'எப்ப வேணும்னாலும் வாம்மா, எவ்வளவு நாள் வேணும்னாலும் இரு'ன்னான். அதான் வீட்டை வித்துட்டேன். மாசக் கடைசில சாவி கொடுக்கணும்."

கார் கதவைப் பிடித்துக்கொண்டு நாங்கள் எல்லோருமே அதைத்தான் சொல்கிறோம். என் அக்காவிடம் நானே வருஷாவருஷம் சொல்கிறேன். அவள் பெட்டியோடு வந்து நின்றால் என் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். இந்தக் கிழவி அதை அப்படியே நம்பி வீட்டை விற்றிருக்கிறாள்.

"எதுக்கும் ஒரு ஃபோன் போட்டுருங்கம்மா. இழுத்துக்கிட்டுப் போன பிறகு நான் திருப்பி எடுக்க மாட்டேன்," என்றேன், கொஞ்சம் கடுப்பாகவே.

அவளுக்குக் காது மந்தம். ஃபோனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். எழுந்து போகலாம் என்றால் அவள் முட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். அவ்வளவு சின்ன இடம். இருந்து கேட்டேன்.

டிரெய்லர் வாங்கி அவன் வீட்டு ஓரத்தில் நிறுத்தப்போவதாகச் சொன்னாள். கர்ட், "அம்மா... எங்க குடியிருப்பு அசோசியேஷன்ல விடமாட்டாங்கம்மா. எதிர்வீட்டுக்காரர் படகு நிறுத்தினதுக்கே நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. ரெண்டு நாளைக்கு மேல எதுவும் வெளிய நிக்கக் கூடாது," என்றான். கெட்ட குரல் இல்லை. நல்ல பையன்தான்.

"அப்ப ரெண்டு நாள் நிறுத்தலாமா?"

"ரெண்டு நாள்னா... ஷெல்பிகிட்ட கேட்டுச் சொல்றேம்மா. நீ எதுவும் வாங்கிடலையே?"

"சேச்சே. சும்மா பாத்துக்கிட்டிருக்கேன். பொழுது போகணுமே. நீ வேலையைப் பாரு."

வீடு விற்றதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஃபோனைப் பைக்குள் போட்டாள். முகம் சுண்டிப் போயிருந்தது. எனக்குக் கர்ட் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம் அதிகம். ஒரு மாதம் கழித்துத் தெரியவேண்டியதை, என் கண்முன்னால், என் மேசையில் வைத்துத் தெரியவைத்தேன்.

"இங்க வாங்க," என்று எழுப்பி, வரிசைக் கடைசியில் இருந்த பெரியதற்குக் கூட்டிப்போனேன். போன வருஷத்து வண்டி. முதலாளியிடம் நான் பேசிக்கொள்கிறேன், சின்னதன் விலைக்கே தருகிறேன் என்றேன். இரண்டு பக்கமும் இறங்கக்கூடிய கட்டில், குளிக்கத் தனி இடம், ரொட்டி சுடுகிற நிஜமான ஓவன் வைத்த அடுப்பு. அவள் ஓவன் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். ஆற்றோரத்து டிரெய்லர் பார்க்கில் மாத வாடகைக்கு நிறுத்தலாம், நம் ஊர் ஆட்கள் நாலு பேர் அங்கே இருக்கிறார்கள் என்று என்னென்னவோ சொன்னேன். "இனிமே நீளத்தைப் பாக்க வேண்டியதில்லையே," என்றும் சொல்லித் தொலைத்தேன்.

அவள் ஓவன் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"நல்லாத்தாம்ப்பா இருக்கு. ஆனா சின்னதையே கொடு."

"அதான் அசோசியேஷன்ல..."

"அசோசியேஷன்னா மனுஷங்கதானே. இன்னிக்கு வேண்டாம்பாங்க, நாளைக்குச் சரிம்பாங்க. கர்ட் ஒருநாள் ஃபோன் பண்ணி, 'அம்மா, விட்டுட்டாங்க, கிளம்பி வா'ன்னு சொன்னா, பெருசா வாங்கிட்டேனேடான்னு அவன்கிட்ட நான் எந்த முகத்தோட சொல்றது?"

சின்னதையே கொடுத்தேன்.