பக்கத்து வீட்டைவிட ஓர் அடி

2010 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிரம்புவதற்குள் பால் பாக்கெட் வாங்கி வந்தேன். காப்பி குடித்தேன். ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வருவது என் வேலை. அன்று கடல் சரியில்லை, படகு போகவில்லை என்றார்கள். உப்பனாற்று இறால்தான் கிடைத்தது. வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்குள் திரும்பிவிட்டேன். பத்து மணிக்கு மச்சான் வீட்டைப் பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது.

மச்சான் என் மனைவியின் தம்பி. என்னைவிட எட்டு வயது இளையவன். அண்ணாமலை நகரில் மாணவர்களுக்கு டைப் அடித்து, ஜெராக்ஸ் எடுத்து, பைண்டிங் செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தான். எங்கள் வீட்டை ஒட்டிய வீடு அவனுடையது. அதை விற்கப்போவதாகச் சொல்லி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஏன் என்று கேட்டபோது, பள்ளத்தில் எத்தனை நாள்தான் கிடப்பது என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டான். விற்றுவிட்டு, அவன் மனைவியின் ஊரான கடலூரில் மாடி போர்ஷன் ஒன்றை வாடகைக்கு எடுப்பதாகவும், கடையையும் அங்கேயே மாற்றிக்கொள்வதாகவும் ஏற்பாடு. வருகிறவர்களுக்கு வீடு பிடிக்காமல் போகவேண்டும் என்று நினைத்தபடியேதான் நான் அன்று இறாலை நிறுத்து வாங்கினேன்.

எங்கள் ஊர் சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகும் பாதையில், சாலையைவிட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. 2004 தொடக்கத்தில் ஊரின் கிழக்கே நெல் விளைந்த நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றார்கள். இந்தப் பக்கத்தில் நிலத்தைக் குழியில்தான் சொல்வோம். ஒரு குழி நூற்று நாற்பத்து நான்கு சதுர அடி. நானும் மச்சானும் ஒட்டினாற்போல் ஆளுக்குப் பத்துக் குழி வாங்கினோம். நடுவில் சுவர் எழுப்பவில்லை. தண்ணீருக்கான போர்வெல் என் பக்கத்தில். குழாய் இரண்டு வீட்டுக்கும். என் மனைவி அடுப்பில் குழம்பைக் கூட்டிவிட்டு, உப்பு பார்க்கச் சொல்லிப் பின்கதவு வழியாகத் தம்பி வீட்டுக்குக் கரண்டியோடு போவாள்.

மச்சான்தான் முதலில் கட்டினான். சுற்றிலும் வேறு வீடு இல்லை. மண் பாதையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் மேஸ்திரி பேஸ்மட்டம் போட்டார். அது போதும் என்று எல்லோரும் சொன்னோம். அடுத்த வருடம் நான் கட்டத் தொடங்கியபோது அதே மேஸ்திரி வந்தார். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, பக்கத்து வீட்டு மட்டம் என்ன என்பது. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் ட்யூபின் ஒரு முனையை மச்சான் வீட்டுப் பேஸ்மட்டத்தில் பிடித்தார். மறுமுனையை என் பக்கத்துக் கம்பில் வைத்துக் கோடு போட்டார். பிறகு அதற்குமேல் ஓர் அடி அளந்து இன்னொரு கோடு போட்டார். இந்தப் பகுதியில் எந்த மேஸ்திரியும் அப்படித்தான் செய்வார். பக்கத்து வீட்டைவிட ஓர் அடி ஏற்றி வைப்பது ஒரு மரியாதை போல ஆகியிருந்தது.

இரண்டு வீடும் ஒரே மட்டத்தில் இருக்கட்டுமே என்று நான் சொன்னேன். மச்சான்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

"ஏத்தியே வைங்க மாமா. அக்கா வீடு ஒசரமா இருந்தாத்தான் எனக்கும் கெத்து."

2005-க்குப் பிறகு எங்கள் தெருவில் வீடு கட்டாத மாதம் இல்லை. சுனாமிக்குப் பின் கடலோரத்தில் இருக்கப் பயந்து உள்ளே வந்தவர்கள் சிலர். அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர்கள் சிலர். பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் அனுப்பிய பணத்தில் கட்டியவர்கள் சிலர். பால்காரர் ஒரு கேனோடு வந்துகொண்டிருந்தவர் மூன்று கேனைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் வந்தார். மாலையில் டியூப்லைட் எரியாமல் கண் சிமிட்டத் தொடங்கவே, இரண்டாவது டிரான்ஸ்பார்மர் கேட்டு எழுதிப்போட்டோம். பள்ளிக்கூட வேன் தெருமுனை வரை வந்தது. இதிலெல்லாம் எங்களுக்குச் சந்தோஷமே இருந்தது. ஆள் இல்லாத இடத்தில் இருட்டியபின் வெளியே போகப் பயந்தவர்கள்தானே நாங்கள்.

ஆனால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் டிப்பர் டிப்பராக மண் அடித்தார்கள். ஒவ்வொரு மேஸ்திரியும் அந்தக் கேள்வியைக் கேட்டு, ஓர் அடி கூட்டினார். எதிர் வீடு என் வீட்டைவிட உயர்ந்தது. அதற்கு அடுத்தது அதைவிட. வயலுக்கு வடிகாலாக இருந்த வாய்க்கால் எந்த மனையின் அடியில் போனது என்று இப்போது யாராலும் காட்ட முடியாது. யாரும் யாருக்கும் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. தெருவுக்கெல்லாம் சேர்த்து ஒரே மட்டம் என்று ஒருநாள் கூடி உட்கார்ந்து பேசியிருக்கலாம். கோயில் கட்டுவதற்கும் விநாயகர் சதுர்த்திக்கும் கூடினோம். இதற்குக் கூடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மழை பெய்தால் பாதை உழவுக்குத் தயாரான வயல்போல் ஆகிவிடும். ரோடு வேண்டும் என்று அதிகம் அலைந்தவன் மச்சான். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினான். திங்கட்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டுக் கடலூருக்குப் பஸ் ஏறி மனு கொடுத்துவிட்டு வந்தான். 2008 கோடையில் ரோடு வந்தது. ஜல்லி கொட்டி, கிராவல் பரப்பி, மறுபடி ஜல்லி கொட்டி, ரோலர் ஓட்டி, அதன்மேல் தார் போட்டார்கள். வேலை நடந்த நாட்களில் மச்சான் தார்போடுகிறவர்களுக்குத் தூக்கில் டீ வாங்கி வந்து கொடுத்தான். முதலில் அதன்மேல் சைக்கிள் ஓட்டியவன் அவன் மகன். ரோடு அவன் வீட்டுப் பேஸ்மட்டத்துக்குச் சரியாக வந்து நின்றிருந்தது. நாங்கள் எல்லோரும் ரோட்டைத்தான் பார்த்தோமே தவிர, அவன் வாசற்படிகள் காணாமல் போனதைப் பார்க்கவில்லை. படி ஏறாமல் நேரே வீட்டுக்குள் வரலாம் என்று அவனும் பெருமையாகச் சொன்னான்.

அந்த வருட ஐப்பசியிலேயே குளியலறைத் துவாரம் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. தண்ணீர் வடிந்ததும், அவன் உள்ளே அரை அடி மண் போட்டுத் தரையை ஏற்றினான். கதவுகளை அடியில் அறுக்க வேண்டியிருந்தது. கூரையைத் தாழ்வாகத்தான் போட்டிருந்தான் என்பதால், அவன் மகன் சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கும்முன் மின்விசிறியை நிறுத்தவேண்டும் என்று வீட்டில் சட்டம் வந்தது.

"குழிக் கணக்குல வாங்குனோம் இல்ல மாமா, குழியிலயே குடிவச்சிட்டாங்க" என்றான். அவன் சொன்ன விதத்தில் என் மனைவிகூடச் சிரித்துவிட்டாள்.

2010-இல் ரோட்டோரமாகக் கான்கிரீட் வடிகால் கட்டினார்கள். அதன் சுவர் ரோட்டைவிட அரை அடி உயரம். ஒவ்வொரு வீட்டுக்கும் கழிவுநீர் போக ஓர் ஓட்டை விட்டிருந்தார்கள். மற்ற வீடுகளிலிருந்து தண்ணீர் அந்த ஓட்டை வழியாக வடிகாலுக்குப் போனது. மச்சான் வீட்டில் மட்டும் வடிகாலிலிருந்து வீட்டுக்கு வந்தது. வீட்டுக் கணக்கெடுப்புக்கு வந்த டீச்சர், சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்து, கழிவுநீர் திறந்த வடிகாலில் போகிறதா, மூடிய வடிகாலில் போகிறதா என்றார். போவதைப் பற்றித்தான் கேட்கிறீர்கள், வருவதற்கு ஏதாவது நம்பர் இருக்கிறதா என்று மச்சான் திருப்பிக் கேட்டான். டீச்சர் நல்லவர். சிரித்துவிட்டு, அப்படி ஒரு கட்டம் இல்லை என்றார்.

என் வீடு அதுவரை தப்பித்திருந்தது. காரணம் எளிது. என் வாசலில் விழும் மழையும் சாய்ந்து அவன் பக்கம்தான் போனது. அது எனக்குத் தெரியும். அதைப் பற்றி இரண்டு வீட்டிலும் யாரும் பேசியதில்லை.

அன்று பத்து மணிக்கு வந்தவர்கள் திட்டக்குடிப் பக்கத்தைச் சேர்ந்த கணவன் மனைவி. மகளுக்கு அண்ணாமலை நகரில் வேலை கிடைத்திருக்கிறது, தை மாதம் சேரவேண்டும், அதற்காகத்தான் இடம் பார்க்கிறோம் என்றார்கள். கூட ஒரு மேஸ்திரியையும் அழைத்து வந்திருந்தார்கள். அந்த அம்மாள் தண்ணீர் உப்புக் கரிக்குமா என்று கேட்டார். என் மனைவி குழாயில் பிடித்துக் குடிக்கக் கொடுத்தாள். குடித்துவிட்டு எங்கள் ஊர்த் தண்ணீரைவிட நன்றாயிருக்கிறது என்றார். சண்டை போடவும் முடியாத மாதிரி மரியாதையான மனிதர்கள். விலை ஏற்கெனவே போனில் பேசியிருந்தபடியே ஒத்துப்போயிற்று. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் முன்பணத்தை வைத்து மச்சான் கையில் கொடுத்தார்கள். அடுத்த ஞாயிறு சர்வேயரோடு வருவதாகவும், அதற்குள் எல்லைக் கல்லை எடுத்துக் காட்டி வைக்கும்படியும் கேட்டுக்கொண்டார்கள்.

வெளியே வந்தபோதுதான் அந்த மேஸ்திரி ரோட்டில் நின்று இரண்டு வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வூடு கணக்குல வராதுங்க. இடிச்சிட்டு ரோட்டுக்கு மேல நாலு அடி ஏத்திடுவோம்" என்று திட்டக்குடிக்காரரிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "இது உங்க வூடா சார்? நீங்களும் சீக்கிரமா ஏத்திக்குங்க. இல்லன்னா அப்புறம் தண்ணி மொத்தம் உங்களுக்குத்தான்."

அவர் எனக்கு நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். நான் சரி என்று தலையாட்டினேன். திரும்பினால் மச்சான் முகம் வெளுத்திருந்தது. வெற்றிலைத் தட்டு இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

அவர்கள் போனபின் அவன் தன் வீட்டு அடுப்பு மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். மழைக்காலத்தில் அந்த வீட்டில் உட்கார்ந்து பழகிய இடம் அதுதான். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

"இதுக்கோசரம்தான் மாமா நான் விக்கிறதே" என்றான்.

"எதுக்கோசரம்?"

"நம்ம மேஸ்திரிய போன மாசம் கூட்டியாந்து கேட்டேன். இடிச்சி ஏத்திக் கட்டலாம், ஆனா தண்ணி உங்க மாமா வீட்டுக்குள்ளதான் போவும்னாரு. அக்கா வீட்டுக்குள்ள தண்ணிய வுட்டுட்டு நான் மேட்டுல உக்காந்து டிவி பாக்கறதா? சரி, வித்துட்டுப் போயிடுவோம்னு முடிவு பண்ணேன்."

நான் மேடையில் சாய்ந்துகொண்டு கேட்டேன்.

"வாங்கறவன் ஏத்தமாட்டானாடா?"

அவன் தட்டில் இருந்த வெற்றிலையை எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத யோசிக்கலியே மாமா. இருக்கற வீட்டுலயே இருப்பாங்கன்னு நெனச்சிட்டேன்."

தெருவுக்காக அத்தனை மனு எழுதியவன், யாரிடம் என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்தவன், இதை யோசிக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். கேட்டால் நான் விற்கவிடமாட்டேன் என்றுதான் அவன் கேட்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், நீ ஏற்றிக் கட்டு, நானும் பின்னாலேயே ஏற்றிக்கொள்கிறேன் என்றேன். அவன் ஒப்பவில்லை. வெற்றிலையில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் தன் வீட்டில் இல்லை என்றான். அந்தப் பெண்ணுக்குத் தையில் வேலை, அவர்களை அலைய விடுவதா என்றான். பிறகு, தான் போகிற இடம் இரண்டாவது மாடி, அங்கே தண்ணீர் வந்தால் கடலூரே இருக்காது என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு சரியாக வரவில்லை.

மத்தியானம் இறால் தொக்கை என் மனைவி தம்பி வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்துவிட்டு வந்தாள். எப்போதும் அங்கே நின்று பேசிவிட்டு வருகிறவள் உடனே திரும்பினாள். நாங்கள் இருவரும் சாப்பிடும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். தம்பி கேட்டிருந்தால் இந்த வீட்டிலேயே கொஞ்சம் தண்ணீர் நின்றால் என்ன என்று சொல்லியிருப்பேனே என்றாள்.

இதை எழுதும் 2012-இல் அந்த இடத்தில் மாடி வீடு நிற்கிறது. அதன் பேஸ்மட்டம் என் ஜன்னல் அடிவிளிம்பு வரை வருகிறது. திட்டக்குடிக்காரர் பொங்கலுக்குக் கரும்பும், வரகரிசியும் தந்துவிட்டுப் போவார். கார்த்திகையில் நான் பீரோவின் கால்களுக்கு அடியில் செங்கல் வைப்பேன். மச்சான் போன் செய்து, தண்ணி எவ்ளோ மாமா என்று கேட்பான். கணுக்கால் என்றால் அன்று மாலையே பஸ் ஏறி வந்து நிற்பான் என்பதால், இல்லை என்று சொல்லிவிடுவேன்.

2010-இல், முன்பணம் வாங்கிய அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் திங்கட்கிழமை. மோட்டார் போடும் முன், பாலுக்குப் போகும் முன், கடப்பாறையை எடுத்துக்கொண்டு கொல்லை மூலைக்குப் போனேன். மச்சான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு அங்கே ஏற்கெனவே நின்றிருந்தான். சுவர் வைக்காததால் இத்தனை வருடத்தில் எல்லைக் கல்லைத் தேடவேண்டிய தேவை இருவருக்கும் வரவில்லை. பின்மனைக்காரர் அடித்த மண் சரிந்து, கல் மேலே தெரியவில்லை. நான் குத்திக் கிளறினேன், அவன் அள்ளிப் போட்டான். முழங்கால் ஆழத்தில் கடப்பாறை ணங்கென்று பட்டது. மச்சான் குனிந்து கல்லின் தலையைக் கையால் வழித்துவிட்டு, கயிற்றின் ஒரு முனையை அதில் சுற்றி முடிச்சுப் போட்டான். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நான் வாசல் பக்கத்துக் கல்லைத் தேடி நடந்தேன்.