மடித்து நீட்டிய தாள்

எங்கள் சங்கத்துக்கு அவர் தலைவரானது அரிசிப் பையால். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களின் சங்கம் அது. லிட்டில் இந்தியாவில் ஒரு கடையின் மாடியில், குறைந்த வாடகைக்கு ஓர் அறை. மனைவியை இழந்த பழைய வெல்டர் ஒருவர் மார்சிலிங்கிலிருந்து தினமும் ரயிலேறி வந்து, மாலைவரை அங்கே செய்தித்தாள் படிப்பார். அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. நான் செயலாளர். கூட்டக் குறிப்பேட்டில் தேதி, நேரம், வந்தவர் தொகை எதையும் விட்டதில்லை.

தலைவர் பதவிக்கு நின்றவர் பொங்கலுக்கு எல்லோருக்கும் அரிசியும் வெல்லமும் கொடுத்தார். பை வாங்கியவர்கள் ஆளுக்கொரு தாளில் கையெழுத்திட்டார்கள். தாளின் மேல்பாதி மடிக்கப்பட்டிருந்தது. மூன்று வாரம் கழித்துத் தேர்தலன்று, ‘என் வாக்கை இவர் அளிக்கலாம்’ என்ற அனுமதிக் கடிதங்களாக அதே தாள்கள் மேசைக்கு வந்தன. சரிபார்த்தவன் நான். மடிப்புக் கோடு ஒவ்வொன்றிலும் தெரிந்தது. ‘முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டார்’ என்று எழுதினேன். சண்டை வேண்டாமே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழைத்தனம் என்பதே சரியான சொல்.

அதன்பிறகு அவருக்கு ஒரே வேலை, பயப்படுவது. உறுப்பினர்கள் ஓரிடத்தில் கூடினால் யாராவது தாளைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள். அதனால் கூட்டமே போடவில்லை. தாள்களை வாங்கித் தந்த இருவருக்குச் செயற்குழுவில் இடம் கொடுத்தார். அவர்கள் ஒரு துரும்பையும் அசைக்கவில்லை. அவரால் ஏனென்று கேட்கவும் முடியவில்லை. வாட்ஸ்அப்பில் மட்டும் தினமும் அவருடைய படத்தோடு காலை வணக்கம் வந்தது.

குத்தகை முடியும் நேரம் வந்தது. அதே வாடகைக்குத் தரக் கட்டட உரிமையாளர் தயார். பொதுக்கூட்டத் தீர்மானம் மட்டும் கேட்டார். இரண்டு மாத அவகாசம். நான்கு முறை தலைவருக்கு நினைவூட்டினேன்.

“இப்ப எதுக்குண்ணே கூட்டம்? எல்லாரும் பிஸி லா. பாத்துக்கலாம்.”

கெடு தாண்டியது. அறை துணிக்கடைக்குக் கிடங்கானது.

சாவியை ஒப்படைத்த சனிக்கிழமை தலைவர் வரவில்லை. வெல்டர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

“பைக்குத்தானே சைன் வச்சேன். அத ஓட்டாக்கிட்டானாமே. உங்களுக்குத் தெரியுமாண்ணே?”

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

“எலெக்‌ஷன் அன்னைக்கே.”

கைப்பிடியைப் பற்றி எழுந்தார்.

“அப்ப அவன மட்டும் திட்டி என்ன பண்றது,” என்றார். நான் நீட்டிய கையைத் தொடாமல் இறங்கிப் போனார்.